உறையாத ரத்தத்துக்கும் மாரடைப்பு வரும்

"ரத்தமே சரியாக உறையாத எனக்கு மாரடைப்பு எப்படி வரும், டாக்டர்?"

ஐம்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கேட்ட கேள்வி இது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிறவியிலேயே ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து, இப்போது அந்தக் கால் முழுதாக மடங்குவதில்லை. ரத்தக் கசிவுக்குப் பயந்தே வாழ்ந்தவருக்கு அடைப்பைப் பற்றிய பயம் மட்டும் துளியும் இல்லை. வலி தொடங்கிய பிறகு, வாயுத் தொல்லை என்று வெந்நீர் குடித்தபடி மூன்று மணி நேரம் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தநோய் மருத்துவம் படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். ஹீமோபிலியா உள்ளவர்கள் மாரடைப்பால் இறப்பது குறைவு என்றுதான் பழைய கணக்குகள் காட்டின. ஆனால் அந்தக் காலத்தில் அவர்களில் எத்தனை பேர் மாரடைப்பு வரும் வயதுவரை வாழ்ந்தார்கள்? ரத்தம் உறைய உதவும் புரதமான உறைகாரணி ஊசி மருந்தாக வந்த பிறகே அவர்களுக்கு முதுமை வாய்த்தது. முதுமையோடு தமனி நோயும் வந்தது.

மாரடைப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. பல பத்தாண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கும் இந்த வேலைக்கு ரத்தம் உறைய வேண்டிய தேவையே இல்லை. பிறகு ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அதன்மேல் சில நிமிடங்களில் ரத்தக்கட்டி உருவாகிக் குழாயை அடைக்கிறது. ஹீமோபிலியாவில் குறைவது எட்டாம் அல்லது ஒன்பதாம் உறைகாரணி. அது இரண்டாம் கட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தக்கூடும். முதல் கட்டத்தைத் தொடுவதே இல்லை. வெடித்த இடத்தில் முதலில் போய் ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்களுக்கோ எந்தக் குறையும் இல்லை. ஸ்கேனில் பார்த்தால், ஹீமோபிலியா உள்ளவரின் தமனிச் சுவரிலும் அதே வயதுடைய மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்குப் படிவு இருக்கிறது. போதாக்குறைக்கு, உயர் ரத்த அழுத்தம் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம்.

அவருக்கு முதலில் உறைகாரணியை ஏற்றி, பிறகு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பின்புதான் உண்மையான சிக்கல். ஸ்டென்ட் அடைபடாமலிருக்க ஆஸ்பிரினும், தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இன்னொரு மருந்தும் வேண்டும். அவர் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பழைய நோயாளி அட்டையில் 'ஆஸ்பிரின் கூடவே கூடாது' என்று சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே ஆஸ்பிரினின் அளவையும், எத்தனை நாள் என்பதையும், அதுவரை உறைகாரணி எந்த அளவுக்குக் குறையக் கூடாது என்பதையும் நான் எழுத வேண்டியிருந்தது. இதய மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்தால் செய்துவிடக்கூடிய காரியம்தான். இருவரும் தனித்தனியாக மருந்துச் சீட்டு எழுதினால் ஆபத்து.

இதற்கு நேர்மாறான கதை சிக்கிள் செல் நோய். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு, இரண்டு மூன்று வாரத்துக்குள் உடைந்துபோகிறது. வெளியே சிந்திய ஹீமோகுளோபின், தமனியைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. உட்சுவர் புண்பட்டு, தடித்து, மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் குறுகத் தொடங்குகின்றன. கொலஸ்ட்ராலுக்கு இதில் பங்கில்லை. அதனால்தான் ஐந்து வயதுக் குழந்தைக்கும் பக்கவாதம் வருகிறது.

இந்தக் குறுகலை முன்கூட்டியே கண்டுபிடிக்க, டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்ற ஓர் எளிய சோதனை இருக்கிறது. நெற்றிப்பொட்டில், எலும்பு மெல்லியதாக இருக்கும் இடத்தில், டாப்ளர் கருவியை வைத்து மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. குழந்தை அழவும் கூடாது, தூங்கவும் கூடாது; இரண்டுமே அளவை மாற்றிவிடும் என்பதால் அம்மா கதை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு குறுகும் இடத்தில் நீர் வேகமெடுப்பதைப் போல, தமனி குறுகினால் வேகம் கூடும். வினாடிக்கு 200 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதத்தைப் பத்தில் ஒன்பது பங்கு தடுக்கலாம் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேகம் சீரானதும் ரத்தம் ஏற்றுவதை நிறுத்தியவர்களுக்கு அபாயம் திரும்பி வந்ததை 2005-இல் அடுத்த ஆய்வு காட்டியது. பிறகு, கடுமையான குறுகல் இல்லாத குழந்தைகள் குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றியபின் ஹைட்ராக்ஸியூரியா மருந்துக்கு மாறலாம் என்பதும் தெரியவந்தது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. 'படிப்பில் கவனமே இல்லை' என்று திட்டு வாங்கும் சில குழந்தைகளின் எம்ஆர்ஐ படத்தில், யாருக்கும் தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதங்களின் தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா உள்ளவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சர்க்கரை அளவை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் குறைந்தாலோ, ஏற்றிய ரத்தம் கலந்திருந்தாலோ அந்த எண் பொய் சொல்லும். தமனியைக் கெடுப்பதில் சர்க்கரை நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. மண்ணீரலை அகற்றியவர்களுக்கு ரத்தக்கட்டி அபாயமும் கூடுதல் என்பதைக் குடும்ப மருத்துவரிடம் நீங்களே சொல்லிவைப்பது நல்லது.

ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் கால் சிரைகளின் பிரச்சினை. தமனியில் அதன் பங்கு சிறியது. முப்பது வருடம் புகைபிடித்து அறுபதில் மாரடைப்பு வந்தவருக்கு இந்தச் சோதனையை எழுதிக்கொடுப்பது எனக்கு எரிச்சலூட்டும். பழி சுமத்த ஒரு மரபணு கிடைக்கும், அவ்வளவுதான். இளம் வயதில் பக்கவாதம் வந்து, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டையும் இருந்தால் கதை வேறு. சிரையில் உருவான கட்டி அந்த வழியாக மூளைக்குப் போய்விடலாம்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில், குடும்பத்தில் வேறு யாருக்கு ஹீமோபிலியா என்று கேட்டேன். அக்கா மகனுக்கு, முப்பத்தெட்டு வயது என்றார். அவர் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் பார்த்ததுண்டா என்றேன்.

"அவனுக்கு எதற்கு, டாக்டர்?" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் மருமகனைக் கையோடு அழைத்து வந்திருந்தார். ரத்த அழுத்தம் 156/98.