மூடி திறக்கும்வரை நிதானம், திறந்தபின் வேகம்

உணவகச் சமையல் பணியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். நான் வசிக்கும் அமெரிக்காவின் வட கரோலைனாவில் அந்த வகுப்புகளில் பாதிப் பேச்சு பன்றிக்கறியைச் சுற்றியே நடக்கும். மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றியை விறகுத் தணலில் மணிக்கணக்கில் வாட்டி, வினிகரும் காய்ந்த மிளகாயும் கலந்த தண்ணீர்ச் சாற்றை ஊற்றிப் பிசறுவார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்கறி மட்டும்தான். சாற்றில் கொஞ்சம் தக்காளி கெச்சப்பும் சேரும். எது அசல் பார்பிக்யூ என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

புகையடுப்பு வைத்துக்கொள்ளக் கொல்லைப்புறம் இல்லாத அடுக்குமாடிவாசிகள் இதே கறியை, நார் நாராகப் பிரித்தெடுக்கும் ‘புல்டு போர்க்’ ஆக, மின்சார பிரஷர் குக்கரில் செய்கிறார்கள். அப்படிச் செய்யும் தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். கறி ஏன் நார் நாராகப் பிரியாமல் ரப்பராக நிற்கிறது? பன்றிக்கறி வயிற்றுக்கு ஆபத்தில்லையா? இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: பொறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறோம், அவசரப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

முதலில் கறியைத் தேர்ந்தெடுப்பது. கடையில் ‘பாஸ்டன் பட்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெயர்தான் அப்படி; உண்மையில் அது முன்னங்காலுக்கு மேலே, தோள்பட்டையின் மேற்பகுதி. உள்ளே தோள்பட்டை எலும்பு, குறுக்கும் நெடுக்குமாகக் கொழுப்பு, தசைகளுக்கு நடுவே வெள்ளை ஜவ்வு. அதற்குக் கீழே வரும் ‘பிக்னிக்’ துண்டும் ஆகும். தோல் அதிகம், கறி குறைவு. விலை கூடுதலாக, பார்க்கச் சுத்தமாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும் ‘லாயின்’ மட்டும் வேண்டாம். அது முதுகுக்கறி. அதில் ஜவ்வு குறைவு, உருகுவதற்கு ஒன்றும் கிடையாது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் வறண்டுதான் போகும். ‘கொழுப்பில்லாத கறியாகப் பார்த்து வாங்கினேன், சரியாக வரவில்லை’ என்பவர்களுக்குக் குக்கர் எந்த வகையிலும் பொறுப்பாகாது.

பொட்டலத்தின் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதையும் படியுங்கள். உப்புக்கரைசல் ஏற்றப்பட்ட கறி என்று சில பொட்டலங்களில் இருக்கும். அப்படியானால் நீங்கள் போடும் உப்பைப் பாதியாக்குங்கள். சாதாரணக் கறிக்கு இரண்டு கிலோவுக்கு 25 கிராம் உப்பு என்பது என் கணக்கு.

இப்போது ரப்பர் விவகாரம். அமெரிக்க வேளாண் துறை 2011இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. முழுத்துண்டுப் பன்றிக்கறியின் நடுப்பகுதி 145 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, பிறகு மூன்று நிமிடம் அப்படியே இருந்தால் உண்ணப் பாதுகாப்பானது என்றது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. இதைப் படித்துவிட்டுத் தோள்கறியில் வெப்பமானியைக் குத்தி, ‘70 காட்டுகிறது, எடுத்துவிடலாம்’ என்று எடுத்தால் உங்கள் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல் வலிக்கும். கறி உதிர்வது ஜவ்வில் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும்போதுதான். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதே பொருள். அந்த மாற்றம் 70 டிகிரிக்கு மேல்தான் மெல்லத் தொடங்குகிறது. 90ஐத் தாண்டியபின் வேகமெடுக்கிறது. இங்கே புகையடுப்புக்காரர்கள் நடுப்பகுதி 90 முதல் 96 டிகிரி வரும்வரை கறியைத் தொடமாட்டார்கள்.

புகையடுப்பில் இதற்குப் பத்து மணி நேரம் போலாவது ஆகும். 65, 70 டிகிரி வாக்கில் கறியிலிருந்து வியர்க்கும் நீர் ஆவியாகி அதையே குளிர்விக்க, மணிக்கணக்கில் வெப்பமானி முள் அசையாமல் நிற்கும். மூடிய குக்கருக்குள் நீராவி வெளியே போக வழியில்லாததால் இந்தத் தேக்கமே கிடையாது. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறுகிறது. நம் ஊர் அடுப்புக் குக்கர் வெயிட் போட்டபின் ஏறக்குறைய 120 டிகிரிவரை போகும். மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் 115 முதல் 118 டிகிரிக்குள் நின்றுவிடும். வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும், அம்மா சொன்ன விசில் கணக்கை இதில் அப்படியே போட்டால் கறி வேகாமல் போவதற்கு அது போதும். கடல்மட்டத்திலிருந்து உயரமான ஊர் என்றால் நேரம் இன்னும் கூடும். 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் ஒரு மணி நேரச் சமையலுக்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் புதுச் சங்கதி இல்லை. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய முதல் அழுத்தப் பாத்திரத்தின் வேலையே எலும்பை மெத்தென்று ஆக்குவதுதான். ஜவ்வை உருக்கப் பிறந்த கருவியை நாம் சாதம் வடிக்காமல் சமைக்கப் பயன்படுத்திக்கொண்டோம்.

எடைக்குத் தகுந்த நேரம் என்று சமையல் குறிப்புகளில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது தடிமன். தடிமன் இரட்டித்தால் வெப்பம் நடுவே போய்ச்சேரும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் இரண்டு கிலோத் துண்டை முழுதாக உள்ளே தள்ளாமல், நார் ஓடும் திசைக்குக் குறுக்காக நான்காக வெட்டுங்கள். பிரித்தபின் நாரின் நீளமும் அளவாக இருக்கும். எலும்பை எறிய வேண்டாம், கூடவே வேகட்டும்.

கறியைக் கழுவாதீர்கள். மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீரில் அலசிப் பழகிய கைகளுக்கு இது கசக்கும் என்று தெரியும். கழுவுவதால் கிருமி சாவதில்லை. தொட்டியைச் சுற்றித் தெறித்து, பக்கத்தில் காயவைத்த தட்டிலும் நறுக்கிவைத்த வெள்ளரிக்காயிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். கறி உலர்ந்திருந்தால்தான் அடுத்த வேலையும் நடக்கும்: குக்கரின் வதக்கும் பொத்தானை அழுத்தி, எண்ணெய் விட்டு, இரண்டிரண்டு துண்டாகப் போட்டுப் பழுப்பேற்றுவது. நீராவியில் எந்தக் கறியும் சிவக்காது. வறுத்த மணம் வேண்டுமென்றால் மூடி போடுவதற்கு முன்பே அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

உப்பு, மிளகு, புகைவாசம் ஏற்றிய பாப்ரிக்கா தூள், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை தடவி வதக்கியபின் அடியில் கருகிப் பிடித்திருக்கும். அரைக் கோப்பை ஆப்பிள் சைடர் வினிகரும் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஊற்றி, மரக்கரண்டியால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுவை அங்கேதான் இருக்கிறது என்பது ஒரு காரணம். அடி பிடித்திருந்தால் குக்கர் பாதியிலேயே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். இனிப்பான கெட்டிச் சாஸை முதலிலேயே கொட்டுபவர்களுக்கும் இதே கதிதான். சாஸ் கடைசியில். தண்ணீரும் இதற்கு மேல் வேண்டாம், கறியே நிறைய விடும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக் கோட்டைத் தாண்டி எதையும் அடைக்கக் கூடாது.

நான்காக வெட்டிய துண்டுகளுக்கு உயர் அழுத்தத்தில் 60 நிமிடம். முழுத் துண்டாகப் போட்டால் 90. இது அழுத்தம் ஏறியபிறகு ஓடும் கணக்கு. ஏறுவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். விருந்தாளிகளுக்கு நேரம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மணி அடித்ததும் பெரும்பாலோர் செய்வது, நீராவிக் குமிழைத் திருப்பிச் சீறவிடுவது. அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிறது. உள்ளே இருப்பது 115 டிகிரியில் அழுத்தத்துக்கு அடங்கிக் கிடக்கும் தண்ணீர். அழுத்தத்தைத் திடீரென்று விடுவித்தால் சாறு மட்டுமல்லாமல் கறிக்குள் இருக்கும் ஈரமும் சேர்ந்து கொதித்து வெளியேறுகிறது. நார் இறுகி வறண்டுவிடும். குறைந்தது இருபது நிமிடம் அதைத் தொடாமல் விடுங்கள். அழுத்தம் தானாகத் தணிந்து, மூடியில் இருக்கும் சிறு ஊசி கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் மூடியைப் பலவந்தமாகத் திருகுவது கறிக்கு மட்டுமல்ல, முகத்துக்கும் கேடு. நீராவிக் காயம் பட்ட முன்கைகளை வேலையிடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். திறக்கும்போது மூடியின் மறுபக்கத்தை உங்களை விட்டு விலக்கித் தூக்குங்கள்.

வெந்துவிட்டதா என்பதை வெப்பமானியைவிட எலும்பு நன்றாகச் சொல்லும். பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு சுத்தமாக வர வேண்டும். முட்கரண்டியைக் குத்தி லேசாக முறுக்கினால் கறி எதிர்க்காமல் பிரிய வேண்டும். எதிர்த்தால் ‘அதிகம் வெந்துவிட்டது போலிருக்கிறது’ என்று கைவிட்டுவிடாதீர்கள். தோள்கறி இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம் போதாததுதான். மூடிப் பூட்டி இன்னொரு பதினைந்து நிமிடம் வையுங்கள்.

இதுவரை நிதானம். இனி வேகம்.

‘பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வைக்கும்’ என்ற பயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரைவேக்காட்டுக் கறியில் நாடாப்புழுவின் கூடுகள் இருந்தால் குடலில் நாடாப்புழு வளரலாம், உண்மைதான். மூளையில் கட்டி உண்டாவதோ, அப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வெளிவரும் முட்டைகள் அசுத்தமான கை, தண்ணீர், பச்சைக்காய்கறி வழியாக வாய்க்குள் போவதால். சைவ உணவுக்காரருக்கும் அது வரும். ஒரு மணி நேரம் குக்கரில் கிடந்த கறியில் எந்தப் புழுவும் உயிரோடிருக்காது.

நான் பயப்படும் கிருமி வேறு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று பெயர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இது வயிற்றைக் கலக்குகிறது. இது வித்துகளாக மாறிச் சாதாரணக் கொதிநிலையையும் தாங்கிக்கொள்ளும். குக்கரின் கூடுதல் வெப்பம் அவற்றில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். ஆனால் மூடியைத் திறந்து, பலகையில் கொட்டி, கையாலும் கரண்டியாலும் பிரிக்கிறோமே, அங்கிருந்து புதிதாக ஒட்டிக்கொள்ளும். கறி 45 டிகிரியை ஒட்டி மெல்ல ஆறிக்கொண்டிருக்கும்போது, பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஒருமுறை இரட்டிப்பாகப் பெருகும். கெட்ட வாடை வராது, சுவை மாறாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக விருந்தில் பலருக்கு வயிறு கெட்டுப்போய், என்ன நடந்தது என்று விளக்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். கறி அருமையாக வெந்திருந்தது. முந்தின இரவு சமைத்து, சாற்றோடு ஆழமான அண்டாவில் ஊற்றி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ‘உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோமே’ என்றார் சமைத்தவர், மனம் நொந்து. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு சாண் ஆழமுள்ள கெட்டியான கறி குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் விடியும்வரை நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட வசதியான படுக்கை கிடையாது.

உணவகங்களுக்கு இங்குள்ள விதி: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஆற வேண்டும். வீட்டில் யாரும் இப்படி அளந்துகொண்டிருக்கப் போவதில்லை. இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான பாத்திரங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறி குப்பைக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் வெளியில் விருந்து வைத்தால் ஒரு மணி நேரம்தான். ‘சூடாறினால்தான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்’ என்று இரவெல்லாம் அடுப்பு மேடையில் விட்டுவைக்கும் பழக்கத்துக்கு ஒரு முழுக்குப் போடுங்கள்.

இதே காரணத்துக்காக, பச்சைக்கறியைக் காலையில் குக்கரில் போட்டுவிட்டு, மாலையில் தானாகத் தொடங்கும்படி நேரம் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அந்தப் பொத்தான் கொண்டைக்கடலைக்கானது.

பிரித்த கறிக்குத் திரும்புவோம். மீந்த சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, வதக்கும் பொத்தானில் பாதியாகச் சுண்டவிட்டுக் கறியில் ஊற்றிப் பிசறுங்கள். மேலே மொறுமொறுப்பு வேண்டுமானால் தட்டில் பரப்பி ஓவனின் மேல்நெருப்பில் ஐந்து நிமிடம் காட்டலாம். புகையடுப்பின் கருமையான மேலோடு இதில் வராது, வருமென்று சொல்லுபவர் எதையோ விற்கிறார். சாஸ் உங்கள் விருப்பம். நான் கிழக்குக் கரோலைனா கட்சி, வினிகரும் மிளகாயும் போதும்.

குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஒரு வேளைக்கானதைச் சாற்றோடு தட்டையான பைகளில் அடைத்து உறையவைத்து, வேண்டும்போது எடுத்து 74 டிகிரிவரை சூடாக்குங்கள். மூடியின் சிலிகான் வளையத்தில் மட்டும் வாடை போகவே போகாது. கறிக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்த நாள் பாயசம் வைக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.