ஆர்க்குவேட் ஃபாசிகுலஸ் – வில்வடிவக் கற்றை

ஆர்க்குவேட் ஃபாசிகுலஸ் என்பது மூளையிலுள்ள ஒரு நரம்பிழைக் கட்டு. லத்தீனில் 'ஆர்க்கஸ்' என்றால் வில். 'ஆர்க்குவேட்டஸ்' என்றால் வில்லாக வளைந்தது. 'ஃபாசிஸ்' என்பது கட்டு, அதில் சிறியது 'ஃபாசிகுலஸ்'. ரோமாபுரியில் அதிகாரிகளுக்கு முன்னால் ஏந்திச் சென்ற கழிக்கட்டுக்கும் இதே சொல்தான். ஃபாசிசம் என்ற பெயரும் அதிலிருந்துதான் வந்தது. மூளையிலுள்ள இந்தக் கட்டுக்குப் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ஃபிரீட்ரிச் புர்டாக்.

காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டு மடலில் கிளம்பி, பின்னால் மேலேறி வளைந்து, முன்மடலுக்குப் போய்ச் சேரும் நரம்பிழைகள் இவை. இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருப்பதால்தான் அப்பகுதி வெளுத்துத் தெரிகிறது. 'வெண்பொருள்' என்ற பெயரும் அதனால்தான். பெரும்பாலோருக்கு இடப்பக்கக் கற்றைதான் பேச்சில் முக்கியப் பங்கு வகிக்கிறது.

கேட்கும் இடத்துக்கும் பேச்சை உருவாக்கும் இடத்துக்கும் தொடர்பு அறுந்தால் ஒருவகைப் பேச்சிழப்பு வரும் என்று 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே கணித்தார். அப்படிப்பட்டவரிடம் 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னால் 'வாமைப்பலம்... வாளைப்...' என்று தடுமாறுவார். ஆனால் சொல் புரியும், பேச்சும் சரளமாக வரும். தவறு என்று அவருக்கே தெரிவதால் திருத்தித் திருத்திப் பார்ப்பார். இதைக் 'கடத்தல் பேச்சிழப்பு' என்கிறோம். இந்தக் கற்றை மட்டுமே காரணம் என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. பக்கத்திலுள்ள புறணி, அதாவது மூளையின் மேற்பரப்பு அடுக்கு, பாதிக்கப்பட்டாலும் இது வரும்.

இழைகளின் போக்கில் தண்ணீர் எளிதாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது. இதை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து, உயிரோடிருப்பவர் மூளையிலேயே தடங்களை வரைய முடிகிறது. 2005-இல் ஆய்வாளர் மார்கோ கட்டானி குழுவினர், நேர்வழியோடு, உச்சிப் பக்கத்திலுள்ள சுவர் மடல் வழியாகப் போகும் இன்னொரு வழியும் உண்டு என்று காட்டினார்கள். அப்புறம் 2007-இல், நீனா ட்ரோங்கர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஏறக்குறைய 'டான்' என்ற அசையை மட்டுமே சொல்லி வந்த லெபோர்ஞ் என்ற நோயாளியின் பாதுகாக்கப்பட்ட மூளையைப் படமெடுத்தார்கள். 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா ஆராய்ந்த அதே மூளைதான். சேதம் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளேயிருந்த வெண்பொருள் தடங்கள் வரை பரவியிருந்தது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'வில் நரம்பு' வேண்டாம். ஊசி போட 'நரம்பு கிடைக்கவில்லை' என்று இரத்தக்குழாயைக் கூடச் சொல்கிறோம்; மருத்துவத்திலோ மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடுவதுதான் நரம்பு. 'கற்றை' நமக்குப் பழகிய சொல்: முடிக்கற்றை, ஒளிக்கற்றை. எனவே வில்வடிவக் கற்றை என்பதே என் தேர்வு. சுருக்கமாக 'விற்கற்றை' எனலாம். 'பக்கவாதத்தில் அவருக்கு இடது விற்கற்றை சேதமடைந்திருக்கிறது' என்று எழுதினால் இயல்பாகவே இருக்கிறது.