ஃபினாலே: முடிவா, நிறைவா?

ரொம்ப நாள் ஓடின தொடரோட கடைசி எபிசோடுதான் ஃபினாலே. இத்தாலிச் சொல்லு, வேர் லத்தீன்ல ஃபினிஸ், எல்லை, முடிவுன்னு அர்த்தம். முதல்ல இது இசைக்காரங்க சொல்லுங்க, சிம்பொனியோட கடைசிப் பாகத்துக்குச் சொன்னது, டிவிக்கு வந்ததெல்லாம் பொறவுதான்.

நம்ம கோயமுத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் இதை கிளைமாக்ஸ்னுதான் சொல்றோம். ஆனா அது வேறங்க. கிளைமாக்ஸ் கிரேக்கத்துல ஏணி, கதை ஏறிப்போய் நிக்கிற உச்சி, தமிழ்ல உச்சக்கட்டம். அது கடைசி நாள்லதான் வரணும்னு இல்லை.

ஃபினாலேக்கு இறுதிப் பகுதின்னு எழுதறாங்க, தப்பில்லை. எனக்கு நிறைவுப் பகுதிதான் சரின்னு படுது, ஏன்னா ரசிகர்கள் கோவப்படறது முடிஞ்சதுக்கு இல்ல, நிறையாம முடிஞ்சதுக்கு. 2023 செப்டம்பர்ல நடிகர் மாரிமுத்து இறந்த பொறவும் அவரு நடிச்ச எதிர்நீச்சல் சீரியலை விடாம பாத்த சனம் எத்தனை, 2024 ஜூன்ல முடிச்சப்ப ரசிகர் குரூப்புல ஒட்டுக்கா ஒரே பேச்சு, "பொசுக்குன்னு முடிச்சுப்போட்டாங்களே"ன்னு, சிலர் பழைய சீனை வெட்டி ஒட்டி எடிட் போட்டாங்க, சிலர் தாங்களே ஒரு முடிவு எழுதினாங்க. எங்க பெரியம்மா அடுத்த வாரமும் ஒம்பதரைக்கு டிவி முன்னால வந்து உக்காந்துட்டு, "ஏங்கண்ணு, அந்தப் புள்ளைகளை இன்னுஞ் சித்தெ நாள் காட்டியிருக்கலாமல்ல"ன்னாங்க. டிசம்பர்ல எதிர்நீச்சல் தொடர்கிறதுன்னு ரெண்டாம் பாகம் வந்துச்சு, நாயகி ஜனனியா நடிக்கிறது வேற ஆளுன்னு மறுபடி வருத்தம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 2007ல ஜெரிக்கோங்கற தொடரை நிறுத்தினதும் அதுல வந்த நட்ஸுங்கற வசனத்தைப் புடிச்சுக்கிட்டு ரசிகர்கள் சேனல் ஆபீசுக்கு டன் கணக்குல கடலை அனுப்பினாங்க, சேனல் இறங்கி வந்து இன்னும் 7 எபிசோடு குடுத்துச்சு.

நம்ம ஊர்ல ராத்திரி ராத்திரியா உடுக்கடிச்சுப் பாடற அண்ணன்மார் கதையைப் பாருங்க, அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் படுகளத்துல, அதாவது போர்க்களத்துல, சாஞ்சதோட பாட்டை நிறுத்தறதில்லை, தங்கச்சி தங்காள் தேடிப்போய் அண்ணன்மாரை எழுப்பணும், வீரப்பூர் திருவிழாவுல செத்தவங்களாட்டம் படுகளம் விழுந்தவங்களை எழுப்பறதும் அதுக்குத்தான். கேக்கற சனத்தோட மனசறிஞ்சு முடிக்கிறது இதுதாங்க.

எழுதறப்ப ஒண்ணு கவனிங்க. சீரிஸ் ஃபினாலேன்னா தொடர் நிறைவு, சீசன் ஃபினாலேன்னா பருவ நிறைவு. ரெண்டையும் வெறும் ஃபினாலேன்னு போட்டா, அடுத்த சீசன் வரப்போற தொடருக்கும் குரூப்புல அழ ஆரம்பிச்சிடுவாங்க.