ஹியூகனாட் வழிவந்தோரின் குடும்பத் தாள்கள்: காக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

கிரிக்கெட் பார்க்கும் தமிழர்களுக்கு டி வில்லியர்ஸ், டு பிளெஸ்ஸி என்ற பெயர்கள் நன்கு பழக்கமானவை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், தங்கள் சமயத்தைக் கைவிட மறுத்துப் பிரான்சை விட்டு வெளியேறி, ஆப்பிரிக்காவின் தென்முனையில் குடியேறிய ஹியூகனாட்டுகள் என்னும் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களின் பெயர்கள் அவை. அக்குடும்பங்களின் வழிவந்தோர் தம் வீடுகளில் வைத்திருக்கும் விவிலியங்கள், உயில்கள், கடிதங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றைச் செப்பனிட்டுப் பாதுகாப்பதும், முன்னோரைத் தேடுவோருக்கு அந்தத் தாள்களைப் படித்துச் சொல்வதும் என் தொழில். ஈரமும் பூச்சியும் அழித்ததைவிட, இத்தாள்களைப் போற்றி வைத்திருந்தவர்களின் கைகளாலேயே அழிந்தது அதிகம் என்பதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

பிரான்சில் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனையைப் பின்பற்றியவர்களுக்கு, 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் பிறப்பித்த நாந்த் ஆணை வழிபாட்டு உரிமையை அளித்திருந்தது. அவருடைய பேரனான பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அந்த ஆணையை ரத்து செய்தார். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் பதினைந்து நாள்களுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று, மற்றவர்கள் வெளியேறுவதோ குற்றமாக்கப்பட்டு, பிடிபட்ட ஆண்கள் அரசின் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளைப் போல உழைக்க அனுப்பப்பட்டனர். அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நெதர்லாந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குத் தப்பினார்கள். அவர்களுள் மிகச் சிறிய ஒரு பகுதியினர், சுமார் இருநூறு பேர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில், ஆப்பிரிக்காவின் தென்முனையில் அக்கம்பெனி நடத்திய கேப் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதலாவதாகப் புறப்பட்ட ஃபோர்ஸ்கோட்டன் என்ற கப்பல் 1687 டிசம்பர் 31 அன்று டச்சுக் கரையை விட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் சால்டானா விரிகுடாவை அடைந்தது. ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் அவர்களுக்கு டிராக்கன்ஸ்டைன் பள்ளத்தாக்கிலும், பின்னாளில் ஃபிரான்ஸ்ஹுக் எனப் பெயர் பெற்ற மலையடிவாரத்திலும் நிலம் ஒதுக்கினார். லா மோத், லா பிரி, புரோவான்ஸ், ஷாம்பேன் என்று அவர்கள் விட்டுவந்த ஊர்களையும் மாகாணங்களையும் நினைவூட்டும் பண்ணைப் பெயர்கள் இன்றும் அங்கே வழங்குகின்றன.

பெயர்கள் நிலைத்த அளவுக்கு மொழி நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தனியொரு சமூகமாகத் திரண்டுவிடக் கூடாது என்பதற்காக அவர்களுடைய பண்ணைகளை டச்சுக்காரர்களின் பண்ணைகளுக்கிடையே கலந்து ஒதுக்கினார்கள். அவர்களுடன் வந்த போதகர் பியர் சிமோன் 1702இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைகளின் கல்வியையும் ஞாயிறு பிரசங்கத்தையும் டச்சு மொழிக்கு மாற்றுவதில் கம்பெனி உறுதியாக இருந்தது. 1750களின் தொடக்கத்தில் விண்மீன்களை அளக்கக் கேப்புக்கு வந்த பிரெஞ்சு வானியலர் லகாய், முதியவர்களிடம் மட்டுமே தம் மொழி எஞ்சியிருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். ஆகவே இன்றைய வழித்தோன்றல் ஒருவரின் வீட்டில், அவரால் படிக்க முடியாத பிரெஞ்சுக் கடிதமும், அவருடைய ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு உறவானதாக இருந்தும் எழுத்து வடிவத்தால் அந்நியமாகிவிட்ட பழைய டச்சுக் கையெழுத்தும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. வீட்டைக் காலிசெய்யும்போது முதலில் தூக்கியெறியப்படுபவை இந்தப் படிக்க முடியாத தாள்களே. அழகான விவிலியம் தப்பிவிடும். அதற்குள் மடித்து வைத்திருந்த கடன் பத்திரமோ நிலக் குறிப்போ தப்புவதில்லை.

கம்பெனி எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்களும் உருமாறின. வில்லியோன் என்ற பெயர் ஃபில்யூன் ஆயிற்று. க்ரோனியே க்ரோன்யே ஆயிற்று. பினார் பீனார் ஆயிற்று. மெஸ்னார் மின்னார் ஆயிற்று. ஒரே மனிதரின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் வரிப் பட்டியலில் வேறு விதமாகவும் இருக்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலான குடும்பங்களில் இருந்தமையால், ஒரே தலைமுறையில் ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் நாலைந்து பேர் இருப்பதும் சாதாரணம். இதைத் தெளிவுபடுத்துவதற்காகவே கேப்பின் வம்சாவளி ஆய்வாளர்கள் ஓர் எண்முறையைக் கையாள்கிறார்கள். முதலில் வந்து குடியேறியவர் 'அ' என்றால், அவருடைய மக்கள் 'ஆ1', 'ஆ2' என்றும், அந்த இரண்டாம் பிள்ளையின் மூன்றாம் பிள்ளை 'ஆ2 இ3' என்றும் அமைவதைப் போன்றது அம்முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டோஃபல் கூட்ஸே டி வில்லியர்ஸ் தொகுத்த பழைய கேப் குடும்பங்களின் பதிவேட்டிலிருந்து வளர்ந்த இம்முறை, இருபதாம் நூற்றாண்டில் பாமா என்ற ஆய்வாளரால் செம்மைப்படுத்தப்பட்டது. இணையத்தில் யாரோ பதிவேற்றிய வம்ச மரத்தை அப்படியே நகலெடுத்துக் கொண்டு வருபவர்களிடம், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு பதிவேட்டுப் பக்கத்தைக் காட்ட முடியுமா என்றே முதலில் கேட்கிறேன். உயர்குடிப் பிறப்பைக் காட்டுவதற்கென்று விலை கொடுத்து வாங்கிய குலச்சின்னங்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். வந்தவர்களில் மிகப் பலர் விவசாயிகளும் கைவினைஞர்களுமே, அதில் குறையொன்றும் இல்லை.

பெண்களின் வழியைத் தேடுவதற்குக் கேப் ஆவணங்கள் மிகவும் உதவுகின்றன. டச்சு வழக்கப்படி பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயராலேயே பதிவேடுகளில் குறிக்கப்பட்டார்கள். தந்தைவழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தம் ஹியூகனாட் முன்னோரில் பெரும்பாலோரைத் தவறவிடுகிறார்கள்.

இனி நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுக் கேப்பில் ஒருவர் வயது வராத பிள்ளைகளை விட்டு இறந்தால், அநாதைகள் மன்றம் என்ற அரசு அமைப்பின் அலுவலர்கள் வீட்டுக்கு வந்து, முன்கூடத்திலிருந்து தொழுவம் வரை ஒவ்வொரு அறையாகச் சென்று சொத்துகளைப் பட்டியலிட்டார்கள். 1713இல் கப்பலிலிருந்து சலவைக்கு வந்த துணிகள் வழியாகப் பரவிய பெரியம்மை குடியேற்றத்தையே உலுக்கிய காலம் போன்ற துயரமான நாள்களிலும் இந்த வேலை நடந்தது. கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் உள்ள இப்பட்டியல்கள் எழுத்துப்படி எடுக்கப்பட்டு, இன்று இணையத்திலும் தேடிப் படிக்கும் வகையில் கிடைக்கின்றன. ஹியூகனாட் குடும்பத்தார் இவற்றை மிகவும் விரும்புகிறார்கள். கொள்ளுப்பாட்டியின் செப்புக் கொப்பரையையும் திராட்சை மது பீப்பாய்களையும் எண்ணிக்கையோடு காண்பது மகிழ்ச்சிதானே. ஆனால் பீப்பாய்களுக்கும் எருதுகளுக்கும் இடையே, அதே கையெழுத்தில், மனிதர்களும் பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் அப்பண்ணையின் அடிமைகள். பல பட்டியல்களில் அவர்களுடைய பெயரோடு, வந்த ஊரும் மதிப்பிட்ட விலையும் உண்டு.

1834 டிசம்பர் 1 அன்று கேப்பில் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். சமயத்தின் பொருட்டுத் தம் வீடு வாசலை இழந்து வந்தவர்களின் பண்ணைகளும் இவர்களுடைய உழைப்பால்தான் வளர்ந்தன. ஊர்ப் பெயர்களைப் பார்க்கும் தமிழ் வாசகர் சற்று நின்றுதான் போவார்: பழவேற்காடு, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பொதுவாகக் 'கடற்கரை' என்று மட்டும் குறிக்கப்பட்ட சோழமண்டலம் ஆகியவை டச்சு உச்சரிப்பில் சிதைந்து அங்கே நிற்கின்றன. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அதே கம்பெனியின் கையில் இருந்தது. தஞ்சைப் பகுதியில் 1660ஐ ஒட்டிய பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் அத்துறைமுகம் வழியாக அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயரைக் கேப் எழுத்தர்கள் பதியவில்லை. பிப்ரவரி, செப்டம்பர் போன்ற மாதப் பெயர்களும், கிரேக்க ரோமானியப் பெயர்களுமே பலருக்குச் சூட்டப்பட்டன. இன்றும் அவை மேற்குக் கேப்பில் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன.

இந்த மனிதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடும்ப விவிலியமோ கடிதக் கட்டோ இல்லை. அவர்களுடைய பாட்டி எங்கே பிறந்தாள், யாருக்குத் தாயானாள் என்பதற்கான சான்று, அவளை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் தாள்களில்தான் இருக்கிறது. 1816இல் தொடங்கிய அடிமைப் பதிவேடு ஓரளவு உதவுகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தனியார் பெட்டிகளில் கிடக்கும் விற்பனைச் சீட்டு, விடுதலைப் பத்திரம், பண்ணைக் கணக்கு ஆகியவற்றின் இடத்தை வேறெதுவும் நிரப்பாது. அதனால், 'இது எங்கள் குடும்பத்தின் சொந்த விஷயம்' என்று ஒரு தாளை ஒதுக்கிவைப்பவர் இன்னொரு குடும்பத்தின் ஒரே தடயத்தையும் சேர்த்தே ஒதுக்கிவைக்கிறார்.

இப்படி ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, ஒருவர் எந்த இனமாக வகைப்படுத்தப்பட்டார் என்பதே அவர் வசிக்கும் தெரு, படிக்கும் பள்ளி, மணக்கும் துணை ஆகிய யாவற்றையும் தீர்மானித்தது. ஒரு முன்னோரின் பிறப்பிடம் வங்காளம் என்றோ சோழமண்டலம் என்றோ எழுதியிருந்தால் அஞ்ச வேண்டிய காலம் அது. விவிலியத்தின் குடும்பப் பதிவுப் பக்கம் கத்தியால் சீராக அறுத்தெடுக்கப்பட்டிருப்பதையும், ஒரு பெயர் மட்டும் மையால் அழிக்கப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். இன்றைய பேரப்பிள்ளைகள் மரபணுச் சோதனை முடிவில் தெற்காசியா என்றிருப்பதைக் கொண்டுவந்து, இது பிழையாக இருக்குமோ என்று கேட்கிறார்கள். பழைய கேப் குடும்பங்களில் அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. அழிக்கப்பட்ட பெயரைச் சில வேளைகளில் புற ஊதா ஒளியிலோ அகச்சிவப்புப் படத்திலோ படித்துவிடலாம் என்பதால், அப்பக்கத்தை மேலும் சுரண்டியோ வெளுத்தோ பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்பினால் நேரும் சேதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய டச்சு விவிலியங்களில் பிறப்பு இறப்புகளை எழுதிய மை, மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சியது. அதன் அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தாளையே அரித்து, எழுத்திருந்த இடத்தில் கோடு கோடாக ஓட்டை விழச் செய்கின்றன. ஈரம் பட்டால் இந்த அரிப்பு பன்மடங்கு வேகமெடுக்கும். அப்படி வெடித்த பக்கத்தைக் கண்ட பிள்ளைகள் ஒட்டுநாடாவை ஒட்டுகிறார்கள், அல்லது கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடுகிறார்கள். ஒட்டுநாடாவின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். லேமினேஷனைப் பின்னர் பிரிப்பது பெரும்பாலும் இயலாது. கிழிந்த தாளைக் கிழிந்தபடியே அமிலமற்ற தாளுறையில் இட்டுத் தட்டையாக வைத்தால் போதும். மீதியைப் பயிற்சி பெற்றவர் ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு செய்வார். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பி.வி.சி. கூடாது, பாலியெஸ்டர் ஏற்றது. ஆனால் இந்த மை அரித்த தாள்களுக்கு அதுவும் உகந்ததல்ல. கேப்பின் மழை குளிர்காலத்தில் பெய்வதால், வெப்பமூட்டாத பண்ணை வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் அந்த மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணோ அடுப்பாகிவிடும். வீட்டின் நடுவிலுள்ள அறையின் உள்சுவர் அலமாரியே நல்லது. வெள்ளிப்பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடாதீர்கள். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, வெறுங்கையால் தாளைத் தொடுங்கள்; துணிக் கையுறை விரலின் உணர்வை மழுங்கச் செய்து ஓரங்களைக் கிழித்துவிடும்.

தாள்களைத் தேதி வாரியாகவோ ஆள் வாரியாகவோ அடுக்கிச் சீர்செய்யும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். எந்தச் சீட்டு எந்தக் கடிதத்தோடு கட்டியிருந்தது என்பதே பல வேளைகளில் பெயரில்லாத ஒருத்தி யார் என்பதைச் சொல்லும். முதலில் உள்ளது உள்ளபடியே ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, வெற்றுப் பின்பக்கங்களையும் சேர்த்து, மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். நிழற்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதும்போது, படிக்கட்டில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரின் பெயரோடு, ஓரத்தில் நிற்கும் சமையற்காரரின் பெயரையும், குழந்தையைத் தூக்கியிருக்கும் பெண்ணின் பெயரையும் கேட்டறிந்து எழுதுங்கள். அப்பெயர்களை அறிந்த முதியவர்கள் பண்ணை வீட்டில் மட்டும் அல்லாமல், தொழிலாளர் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவுசெய்வது அவர்களுடைய சம்மதத்தோடும், பதிவின் ஒரு பிரதி அவர்கள் கையில் சேரும்படியும் நடக்க வேண்டும்.

ஃபிரான்ஸ்ஹுக்கில் 1948இல் திறக்கப்பட்ட ஹியூகனாட் நினைவுச்சின்னத்தின் அருகே, 1967 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. ஸ்டெல்லன்போஷில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் காப்பகமும், கேப் டவுனில் மாகாண ஆவணக் காப்பகமும் உள்ளன. வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர்கள் இவற்றை அணுகலாம். ஒப்படைப்புப் பத்திரத்தில், 'குடும்பத்தாரின் அனுமதியின்றி யாரும் பார்க்கக் கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்க்கப் பலர் விரும்புகிறார்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, 1834க்கு முந்தைய தாள்கள் எதற்கும் எந்தத் தடையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்குமாறு நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் வலியுறுத்துகிறேன். மறுத்தவர்கள் சிலர் உண்டு. ஒப்புக்கொண்டவர்களின் பெட்டிகளில் இப்போது முதலில் தேடப்படுபவை விற்பனைச் சீட்டுகளே. தேடி வருபவர்களில் பலர் அதே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள்.