ட்ராமா: மனக்காயமா, மனவடுவா?

'எனக்கு ட்ராமா (trauma)' என்று ஒரு கல்லூரி மாணவி சொல்கிறாள். தமிழ் எழுத்தில் இதைப் படிப்பவருக்கு இரண்டு பொருள் தோன்றும். நம் எழுத்தில் ஆங்கில T, D இரண்டுக்கும் 'ட' ஒன்றுதான் என்பதால், மனதைக் கிழித்த ட்ராமாவும் மேடையில் போடும் டிராமாவும் (drama) ஒன்றாகிவிடுகின்றன. 'டிராமா போடாதே' என்பது வீட்டிலும் வகுப்பிலும் அன்றாடம் கேட்கிற அதட்டல். வலியைச் சொல்ல வந்தவளை நடிக்கிறாள் என்று எண்ணவைக்கும் ஒரு சொல்லை அவள் கையில் கொடுத்திருக்கிறோம். தமிழ்ச் சொல் தேவை என்பதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும்.

'ட்ராமா' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் காயம் என்றுதான் பொருள். கத்தி பட்டது, கல் பட்டது போன்ற உடற்காயம். மருத்துவமனைகளின் 'ட்ராமா கேர்' பிரிவில் இன்றும் அந்தப் பொருள்தான் நிற்கிறது. மனதுக்கு அந்தச் சொல் பெயர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரயில் விபத்திலும் தொழிற்சாலை விபத்திலும் சிக்கியவர்களை ஆராய்ந்த பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மான் ஓப்பன்ஹைம் 1889இல் அதைப் பற்றி நூலே எழுதினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகப் பலர் போராடிய பிறகு, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 'பி.டி.எஸ்.டி.' (PTSD) என்ற நோய்ப்பெயர் இடம்பெற்றது; கொடிய நிகழ்வுக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்புக்கு அந்தப் பெயர்.

இந்தச் சொல் மாணவர்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க வங்கதேசத்துக்குப் போகலாம். 2024 ஜூலையில் அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 15ஆம் தேதி டாக்கா பல்கலைக்கழக வளாகத்திலேயே அவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த நாள் ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் கைகளை விரித்து நின்ற நிலையில் சுடப்பட்டு இறந்தார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. 18ஆம் தேதி இணையம் துண்டிக்கப்பட்டது. ஆகஸ்ட் 5இல் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் கணித்தது. பெல்லட் குண்டு பட்டுப் பார்வை இழந்தவர்களும் பலர்.

அப்புறம் வகுப்புகள் திறந்தன. போராட்டத்தில் நின்றவர்கள் மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டும், தேர்வு எழுத வேண்டும். ஹெலிகாப்டர் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பது, நண்பன் விழுந்த தெருவைச் சுற்றிப் போவது, கண்ணை மூடினால் அதே காட்சி திரும்புவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று யோசிப்பார்கள். முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்கு மெல்ல அடங்கிவிடும். மனப் பாதிப்பு தெருவில் நின்றவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. 2019 ஹாங்காங் போராட்டத்தின்போது வயதுவந்தோரிடம் எடுத்த ஆய்வில், மனச்சோர்வு நோய்க்கான அறிகுறி உள்ளவர்கள் 11.2 சதவீதம், 2009–14 காலத்தில் அது 1.9 சதவீதம்தான். சமூக ஊடகத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த நிகழ்வுகளைப் பார்த்தவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் 'மன உளைச்சல்' என்று எழுதுகின்றன. உளைச்சல் என்பது கைகால் உளைவதுபோல விடாமல் நச்சரிக்கும் வலி. தேர்வுக் கவலைக்கு அது சரி. துப்பாக்கிச் சூட்டைப் பார்த்தவனுக்குப் போதாது. 'மன அழுத்தம்' ஸ்ட்ரெஸ்ஸுக்கு உரியது. 'மன அதிர்ச்சி' முதல் சில மணி நேரத்தையோ நாட்களையோ சொல்லும், பிறகு வரும் மாதங்களைச் சொல்லாது.

ஈழத்தில் இதற்கு 'மனவடு' என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர்கள், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், நோயாளிகளோடு பேசிப் பேசி வளர்த்த சொற்களஞ்சியம் அது. ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'நெருக்கீடு', கவுன்சிலிங்குக்கு 'உளவளத்துணை' என்று அவர்களிடம் அழகான சொற்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் 'வடு'வை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ஆறுவது என்பதால் ஒன்றைப் புண் என்றும் ஆறாமல் கிடப்பது என்பதால் மற்றதை வடு என்றும் வள்ளுவர் சொன்னதாக விளக்குகிறார். வடுவுக்குப் பழி, குற்றம் என்ற பொருளும் உண்டு: 'வடுவன்று வேந்தன் தொழில்' என்கிறது இன்னொரு குறள். இருபது வயதுப் பிள்ளையிடம், போராட்டம் முடிந்த மூன்றாம் மாதத்தில், உனக்கு மனவடு என்றால் இனி ஆறாது என்று சொன்னதாகிவிடும். இது சிகிச்சைக்கு இணங்கும் நோய். எனவே பொதுச்சொல்லாக 'மனக்காயம்' என்பதையே நான் சொல்வேன். கிரேக்க மூலத்துக்கும் நேரானது அதுதான். ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டதை மனவடு எனலாம். பி.டி.எஸ்.டி.யை 'மனக்காயத்துக்குப் பிந்தைய நெருக்கீட்டு நோய்' என்று விரித்தால் பொருள் முழுதாக வரும்.

காயத்துக்குப் பெருமையும் வெட்கமும் ஏற்றுவது நம் மரபில் பழையது. மார்பில் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற அரசன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்ததை, அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்ததை, புறநானூற்றின் 66ஆம் பாட்டு சொல்கிறது. வங்கதேசத்தில் காயமடைந்தோரை 'ஜூலைப் போராளிகள்' என்று அரசே பட்டியலிட்டு, காயத்தின் கடுமையைப் பார்த்துப் பிரிவுகளாக வகுத்தது. கண் போனவர், கால் போனவர் யார் என்று பார்த்தாலே தெரியும். இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவனை எந்தப் பிரிவில் வைப்பது? தன் காயத்தைப் புறப்புண்போல மறைத்துக்கொண்டு, செத்தவர்கள் இருக்க எனக்கென்ன வந்தது என்று அவன் வாய்மூடிக்கொள்கிறான். ஆகவே கல்லூரி உளவளத்துணை மையத்தின் அறிவிப்புப் பலகையில், 'ட்ராமா கவுன்சிலிங்' என்பதற்குப் பதிலாக 'மனக்காயத்துக்கு உளவளத்துணை' என்று எழுதுங்கள். அடிபடாதவர்களும் வரலாம் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.