சும்மா உக்காந்திருக்கறதும் அந்த நோயோட ஒரு பகுதி தான்

மனச்சிதைவு நோய்க்கு ட்ரீட்மென்ட் எடுத்து ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போய் அப்புறம் ஃபாலோ அப்புக்கு வர்ற குடும்பங்க கிட்ட நான் அதிகமா கேக்குற கம்ப்ளைன்ட் எது தெரியுமா? காதுல குரல் கேக்குதுன்னு சொல்றான், யாரோ உளவு பாக்குறாங்கன்னு பயப்படுறான், இதெல்லாம் இல்ல. அதெல்லாம் மாத்திரைல பெரும்பாலும் அடங்கிடும். "இப்ப நல்லா தான் இருக்கான் டாக்டர், ஆனா ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கறான், பதினொரு மணி வரைக்கும் படுத்தே கெடக்கான், நாலு நாளா குளிக்கல, சோம்பேறித்தனம் ஜாஸ்தியாயிடுச்சு." அப்பா இத சொல்லி முடிக்கிற வரைக்கும் பையன் பக்கத்துல தான் உக்காந்திருப்பான், தரையப் பாத்துக்கிட்டு, ஆமான்னும் சொல்ல மாட்டான் இல்லன்னும் சொல்ல மாட்டான்.

ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இருக்கறதா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரும்பாலும் 18, 20 வயசுல இருந்து முப்பதுக்குள்ள தலை காட்டும், பொண்ணுங்களுக்கு கொஞ்சம் லேட்டா வரும். இதுக்கு ரெண்டு முகம் இருக்கு. ஒண்ணு சத்தம் போடுற முகம், இல்லாத குரல் கேக்கறது, சந்தேகம், கோர்வையில்லாத பேச்சு. இன்னொண்ணு சத்தமே இல்லாத முகம். எதையும் ஆரம்பிக்கிற உந்துதல் போயிடும், பேச்சு ஒத்த வார்த்தைக்கு சுருங்கிடும், முன்னாடி புடிச்ச விஷயம் எதுவும் புடிக்காது, மனுஷங்க கூட இருக்கவே தோணாது, முகத்துல சிரிப்பு அழுகை எதுவும் சரியா வெளிய வராது. டாக்டர்ங்க இத நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்னு சொல்லுவோம்.

குடும்பம் மொதல் முகத்த நோய்னு ஒத்துக்கும். ஏன்னா சுவத்தப் பாத்துப் பேசுறவன யாரும் வேணும்னு பண்றான்னு நெனைக்க மாட்டாங்க. ஆனா படுத்தே கெடக்கறவன? "மனசு வெச்சா முடியும்" னு தான் தோணும், தப்பில்ல, பாக்க அப்படித்தான் இருக்கும். கை கால் நல்லா இருக்கு, சாப்பாடு எறங்குது, அப்புறம் என்ன கேடுன்னு. சாவி போட்டு எவ்வளவு திருகுனாலும் ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி தான் அவங்க நெலம, பெட்ரோல் இருக்கு, டயர் நல்லா இருக்கு, ஆனா நகராது. இன்னொரு சங்கடம் என்னன்னா இப்ப இருக்கற மருந்துங்க குரலையும் சந்தேகத்தையும் அடக்குற அளவுக்கு இந்த மந்தத்த சரி பண்றதில்ல. அதனால "மாத்திரை போட்டு இவ்வளவு நாளாச்சே, இன்னும் என்ன நோய்" ங்கற கேள்வி வீட்டுல வரத்தான் செய்யும்.

நோய் பெருசா வெடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நெறைய பேருக்கு இது ஆரம்பிச்சிருக்கும். மார்க் கொறையும், ஃப்ரெண்ட்ஸ விட்டு விலகுவாங்க, ரூம் கதவ சாத்திப்பாங்க. வயசுக் கோளாறுன்னு எல்லாரும் விட்டிருப்பாங்க, அந்த வயசுல எல்லா புள்ளைங்களும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்ங்கறதால அப்ப கண்டுபுடிக்கறது நெஜமாவே கஷ்டம்.

அம்மாவுக்கு இந்த நோய்னா வீட்டுல சின்னப் புள்ளைங்க படுற பாடு வேற மாதிரி. ஸ்கூல் விட்டு வந்து ஏதோ ஆசையா சொல்லும், அம்மா முகத்துல ஒரு அசைவும் இருக்காது, "ம்" னு ஒரு பதில். அந்தக் குழந்தை என்ன முடிவுக்கு வரும்? நம்ம ஏதோ தப்பு பண்ணிட்டோம், அம்மாவுக்கு நம்மள புடிக்கலன்னு. அம்மாவ தனியா உக்கார வெச்சு மெதுவா கேட்டா, புள்ளை சொன்னத ஒண்ணு விடாம சொல்லுவாங்க, பாசமும் உள்ள இருக்கும், முகத்துக்கு வர்ற வழி தான் அடைபட்டிருக்கு. இத குழந்தைக்கு அதோட வயசுக்குத் தகுந்த மாதிரி யாராவது சொல்லணும், ஆனா குழந்தைக்கு எதுவும் தெரியக்கூடாதுன்னு மறைக்கற வீடு தான் அதிகம்.

சரி, திட்டுனா என்ன ஆகும்? இதுக்கு பழைய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு சமூகவியலாளர், ஆஸ்பத்திரில இருந்து வெளிய போன ஆம்பளை பேஷண்ட்ஸ் என்ன ஆறாங்கன்னு பாத்தாரு. அப்பா அம்மா கிட்டயோ மனைவி கிட்டயோ போனவங்க, லாட்ஜிங்ல தங்குனவங்கள விட அதிகமா திரும்ப அட்மிட் ஆனாங்க. சொந்த வீட்டுக்குப் போனவன் தானே நல்லா இருக்கணும்? தொடர்ந்து ஆராய்ஞ்சதுல வெளிய வந்தது, ஓயாத குத்தம் சொல்றது, வெறுப்பு, அதோட ஒரேயடியா பொத்திப் பொத்தி வெச்சுக்கறது, இதுல ஏதாவது ஒண்ணு ஜாஸ்தியா இருக்கற வீட்டுல நோய் திரும்புறது அதிகம்னு. 1976ல வந்த ஆய்வுல வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல நேருக்கு நேர் இருக்கறதும் அந்த மாதிரி வீடுகள்ல ரிஸ்க்க கூட்டுதுன்னு பாத்தாங்க. அதனால தான் பேஷண்ட் கூடவே இருபத்திநாலு மணி நேரமும் இருக்கற அம்மாக்கள் கிட்ட நீங்க வேலைக்குப் போங்க, இல்ல தினமும் ரெண்டு மணி நேரமாவது வெளிய போங்கன்னு சொல்றேன். சுயநலம்னு அவங்க நெனைக்கறாங்க, உண்மைல அது ரெண்டு பேருக்கும் ட்ரீட்மென்ட்.

இத வெச்சு "அப்ப எங்களால தான் அவனுக்கு நோய் வந்துச்சா" ன்னு யாரும் மனச ஒடச்சுக்க வேண்டாம். 1948ல ஒரு மனநல மருத்துவர் அம்மாவோட வளர்ப்பு தான் இந்த நோய்க்குக் காரணம்ங்கற மாதிரி எழுதப் போய், பல வருஷம் எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழிய சுமந்தாங்க, அந்தக் கருத்து எப்பவோ குப்பைக்குப் போயாச்சு. குடும்பம் நோய உண்டாக்கல. ஆனா நோய் வந்த அப்புறம் அது திரும்புறதையும் தள்ளிப் போறதையும் வீட்டுப் பேச்சு கொஞ்சம் மாத்துது, அவ்வளவு தான்.

திட்டாம எப்படி எழுப்பறது? "போய் குளி" ங்கறது அவங்களுக்கு ஒரு வேலை இல்ல, எந்திரிக்கறது, துண்டு எடுக்கறது, ட்ரெஸ் தேடறதுன்னு ஏழெட்டு வேலை, மொதல் படியிலயே நின்னுடும். துண்ட கைல குடுத்து "வாப்பா" ன்னு பாத்ரூம் வரைக்கும் கூட நடங்க. தினமும் அதே நேரத்துல ஒரே ஒரு சின்ன வேலை, துணி மடிக்கறதோ செடிக்குத் தண்ணி ஊத்தறதோ. பாதி செஞ்சாலும் பாதி செஞ்சத சொல்லுங்க, மீதிய சொல்லாதீங்க. குரல் பத்தி பேசுனா வாதாட வேண்டாம், ஆமான்னு தலையாட்டவும் வேண்டாம், "எனக்குக் கேக்கல, ஆனா உனக்கு பயமா இருக்கும்னு புரியுது" ன்னா போதும்.

எல்லா மந்தமும் நோயோட மந்தம்னும் சொல்ல முடியாது. மாத்திரையோட தூக்கக் கலக்கமா இருக்கலாம், மருந்தால வர்ற உடம்பு இறுக்கமா இருக்கலாம், அதோட சேர்ந்து வந்த டிப்ரஷனாவும் இருக்கலாம், இது மூணுக்கும் வழி இருக்கு, டோஸ் மாத்தலாம், மருந்து மாத்தலாம். அதுக்காக வீட்டுல நீங்களே மாத்திரைய பாதியா ஒடச்சுக் குடுக்க ஆரம்பிச்சிடாதீங்க, நோய் திரும்ப வர்றதுக்கு முக்கியமான காரணமே மருந்த நிறுத்தறது தான். தினமும் மாத்திரை போட சண்டைன்னா மாசம் ஒண்ணுன்னு போடற ஊசி இருக்கு, கேளுங்க. ஆனா வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு பேசுனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, தனியா விடாம அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, இந்த நோய்ல தற்கொலை ஆபத்து நெஜம்.

கூடப்பொறந்தவங்க பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அவங்க கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்ல. அக்காவோ தம்பியோ ரூமுக்கு வெளிய நின்னு மெதுவா கேக்குறது எப்பவும் ஒரே கேள்வி, "எனக்கும் வருமா?" மத்தவங்கள விட சான்ஸ் அதிகம் தான், மறைக்க மாட்டேன். ஆனா அப்படி இருக்கற பத்து பேர்ல ஒன்பது பேருக்கு வராது. கஞ்சா அந்த ரிஸ்க்க கூட்டும், அதனால அந்தப் பக்கமே போகாதீங்க. தூக்கம் கெட்டு சந்தேகமும் பயமும் தொடர்ந்து இருந்தா சீக்கிரம் வாங்க, கூட யாரும் வேண்டாம்னா தனியாவே வாங்க.