காதும் கண்ணும் குழப்பிய ஊர்ப்பெயர்

அமெரிக்காவில் ஒருவர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தன் முப்பாட்டனைத் தேடுகிறார். 1870 மக்கள்தொகைக் கணக்கு ஏட்டில் ஆள் கிடைத்துவிடுகிறார். பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் ‘பிரஷ்யா’ என்று ஒரே சொல். சிலருக்கு ‘பவேரியா’, சிலருக்கு ‘பாடன்’. ஜெர்மனி ஒரே நாடாக ஆனதே 1871-ல்தான். அதற்கு முன் கப்பலேறியவர்கள் தங்கள் ராஜாவின் நாட்டைத்தான் சொல்வார்கள்.

அந்த ஒற்றைச் சொல்லும் ஆளைத் திசை மாற்றிவிடும். டொனால்ட் டிரம்ப்பின் தாத்தா 1885-ல் அமெரிக்கா போனபோது பவேரியக் குடிமகன். அதை நம்பி பவேரியத் தலைநகர் மியூனிக் பக்கம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவருடைய ஊரான கால்ஷ்டாட், ரைன் நதிக்கு மேற்கே இருக்கும் திராட்சைத் தோட்டக் கிராமம். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் அந்தப் பகுதி பவேரியாவின் கைக்கு வந்திருந்தது.

நாடு தெரிந்தால் போதாதா, கிராமம்வரை எதற்கு? ஏனென்றால் ஜெர்மனி முழுவதற்கும் பிறப்பு, இறப்பைப் பதிய அரசு அலுவலகங்கள் வந்தது 1876-ல்தான். அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்தவர் உள்ளூர்ப் பாதிரியார். ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் தனி ஏடு, எல்லாவற்றையும் சேர்த்த பட்டியல் கிடையாது. ஊர் தெரியாவிட்டால் எந்த ஏட்டைத் திறப்பது?

உடனே ஜெர்மன் ஆவணங்களில் குதிப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. ஊர்ப்பெயர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே எங்கோ எழுதப்பட்டிருக்கும். ஜெர்மன் ஆவணங்களில் விதிவிலக்கு ஒன்று உண்டு. ஹாம்பர்க் துறைமுகத்தில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம்: 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, அதில் கடைசியாகக் குடியிருந்த ஊரும் உண்டு. பிரெமன் வழியாகப் போனவர்கள் பாடு திண்டாட்டம். வைக்க இடமில்லை என்று 1875 முதல் பழைய பட்டியல்களை அங்கே அவ்வப்போது அழித்தே வந்தார்கள். எஞ்சியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. கால்ஷ்டாட்காரர் ஏறியதும் பிரெமனில்தான்.

அப்போது கை கொடுப்பது அமெரிக்காவில் இருந்த ஜெர்மன் தேவாலயங்கள். அங்கே பாதிரியாரும் ஜெர்மன்காரர். அடக்கப் பதிவில் ‘இன்ன ஊரில் பிறந்தவர்’ என்று எழுதுவது அவருக்குப் பழக்கம், எழுத்துப்பிழையும் குறைவு. முப்பாட்டனுக்கு அப்படி ஒரு வரி இல்லையென்றால் அவருடைய அண்ணனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, கல்யாணச் சாட்சிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கிராமத்தார் ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒரே இடத்தில் குடியேறியது சர்வசாதாரணம்.

சரி, ஊர்ப்பெயர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அப்படி ஒரு ஊரே இருக்காது! வந்தவர் வட்டார வழக்கில் சொல்லியிருப்பார், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். டியூபிங்கன் என்ற ஊரை, தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியக்காரர்கள் ‘டிபெங்கா’ என்பது போலச் சொல்வார்கள். ‘யூ’ ‘இ’ ஆகிவிடும். முதல் எழுத்தின் வல்லோசை, ‘டாலர்’ என்பதில் வரும் மெல்லிய ஓசையாகக் குழையும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ட’ என்பதால் நமக்கு இது குழப்பமே இல்லை. ரோமன் எழுத்திலோ T, D ஆகி, அகராதியின் வேறு பக்கத்துக்கே போய்விடும்.

இந்தச் சிக்கலுக்குக் கணக்கு வழியாக ஒரு தீர்வு உண்டு. 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயிரொலிகளை நீக்கிவிடும். மீதி மெய்களை நம் இலக்கணம் பிறப்பிடம் பார்த்துப் பிரிப்பது போலத் தொகுத்து, தொகுதிக்கு ஓர் எண் தரும்: ப, ஃப, வ ஒலிகளுக்கு 1, ம, ன ஒலிகளுக்கு 5. டியூபிங்கனுக்கும், எழுத்தர் ‘டிபிங்கன்’ என்று எழுதியதற்கும் 152 என்ற ஒரே எண் வரும். ஆனால் முதலெழுத்து ரோமனில் வேறு, அதனால் முறை அங்கேயே சறுக்கும். 1969-ல் ஜெர்மன் மொழிக்கென்றே வந்த கொலோன் ஒலியியல் முதலெழுத்தையும் எண்ணாக்கிவிடுகிறது. இரண்டுக்கும் 21646. பொருந்திவிட்டது.

காது செய்த குழப்பம் இது. கண் செய்வது வேறு. ஜெர்மன் பாதிரியார்கள் எழுதியது குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து. அதில் ‘இ’ (e) எழுத்து நமக்கு ‘என்’ (n) போலவே தெரியும். ‘யு’வும் (u) ‘என்’னும் ஒரே மாதிரி இருப்பதால் ‘யு’வின் தலையில் ஒரு வளைவு போடுவார்கள். அவசரத்தில் வளைவு விட்டுப்போனால் ஊரே மாறிவிடும்.

இப்படிக் கிடைக்கும் வடிவங்களை 1912-ல் வந்த மேயர்ஸ் ஊர் அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடலாம். ஜெர்மன் பேரரசின் குக்கிராமங்கள்வரை, இன்று போலந்தில் இருப்பவை உட்பட, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் உண்டு. இணையத்திலும் இருக்கிறது, சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். நொய்ஷ்டாட் என்று வந்துவிட்டால்தான் தலைவலி. நம் ஊர்ப் புதூர்கள் மாதிரி, திரும்பின பக்கமெல்லாம் இருக்கும்.

கடைசியில் தேவாலய ஏடு. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பெயரும் வருடமும் பொருந்தினால் ஆளைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளுவார்கள். லுத்தரன் குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் எல்லோருக்குமே ‘யோஹான்’ என்று முன்பெயர் வைப்பதுண்டு, கூப்பிடுவது இரண்டாவது பெயரை. அதனால் ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கலாம். ஒவ்வொருவரையும் அதே ஏட்டில் பின்தொடர வேண்டும். நான்கு வயதில் இறந்த பிள்ளையோ, உள்ளூரிலேயே கல்யாணம் செய்து கிழவராக அடக்கமானவரோ நம் ஆள் இல்லை. ஞானஸ்நானத்துக்குப் பின் எந்தப் பதிவும் இல்லாமல் மறைந்துபோனவர்தான் நமக்கு வேண்டியவர். சில பாதிரியார்கள் அந்த வேலையையும் நமக்கு மிச்சப்படுத்தியிருப்பார்கள். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில், வேறு மையில், பின்னாளில் சேர்த்த இரண்டே சொற்கள் இருக்கும்: ‘நாஹ் அமெரிக்கா’, அதாவது அமெரிக்காவுக்கு.